பாகலூர் ரோட்டில் ஓடவிட்ட ஆம்புலன்ஸ்

என் தம்பி ராஜி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். முழுதாகச் சாய்ந்தால் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டி வரும் என்று பயந்தவனைப் போல.

எதிரே மானிட்டரில் ஒரு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. எறும்பு அளவுக்கு லாரிகள், கம்பெனி பஸ்கள், ஓரத்தில் அரிசி மணிகளாக மனிதர்கள். வெளியே ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்துப் போர்ஷனில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஹைவேயில் லாரி ஹாரன் விடாமல் அடித்தது. ஜூஜுவாடியில் இருக்கிறவர்களுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. நின்றுபோனால்தான் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்ப்போம்.

"இப்ப வெள்ளையா ஒரு வண்டி கெளம்பும். அத மட்டும் பாரு," என்றேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"பாரேன் நீ."

என் கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. அவன் தலைமேல் ஏற்றிக்கொண்டு அலைகிற பழியை அன்றைக்கு இறக்கிவைத்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். அதற்காகவேதான் அந்த ஊரின் ரோடுகளை வாரக்கணக்கில் போட்டுப் போட்டு அழித்திருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று வேலைக்குப் போகிற வழியில் பாதியில் திரும்பி வருகிறவள் நான். என்னை மாதிரி ஆட்கள் ஒன்றை நம்ப ஆரம்பித்தால் அது ரொம்ப மோசமாகத்தான் முடியும்.

எந்த ரோட்ல வந்தீங்க?

எங்கள் பக்கம் வீட்டுக்கு யாராவது வந்தால் தண்ணீர் கொடுப்போம். அவர்கள் செம்பை வாயிலிருந்து எடுப்பதற்குள் கேட்டுவிடுவோம்: "எந்த ரோட்ல வந்தீங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எந்த ரோட்டில் வந்தால் என்ன, வந்தாயிற்றே என்பார்கள். ஓசூரில் இருந்து பாருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நேராக ஹைவே இருக்கிறது. எங்கள் ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் போய், மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்கிப் போகும். லாரி எல்லாம் அதில்தான். இன்னொன்று, ஓசூரில் வலது பக்கம் பிரிகிற பாகலூர் ரோடு. சின்ன ரோடு, வளைவு வளைவாகப் போய் சர்ஜாபூர் பக்கம் பெங்களூரைத் தொடும். தளி, ஆனேக்கல் வழியாகவும் போகலாம் என்று சொல்கிற பிடிவாதக்காரர்களும் உண்டு.

ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு ரோடு சொந்தம். அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன்கூட, "ஹைவேலயா வந்தீங்க? அய்ய, ஏன்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவான்.

என் வீட்டுக்காரருக்கு ஹைவே. கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். சைக்கிளில் போவதற்கும் ஹைவேதான் என்பார். ராஜி வேன் டிரைவர். காலையிலும் சாயங்காலமும் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குவான். அவனுக்கு ரோட்டில் பக்தி கிடையாது. "நேரத்தப் பாத்து ரோட்டப் புடிக்கணும் மாமா," என்பான். சோறு ஆறிக்கொண்டிருக்கும், இரண்டு பேரும் தட்டில் ரசக்கோடு போட்டு ஓசூர் வரைபடம் வரைந்துகொண்டிருப்பார்கள்.

"உனுக்கு ஸ்டியரிங் புடிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்டா."

"கத்துக்குடுத்தீங்க மாமா. ரோட்ட நான்தானே கத்துக்கினேன்."

நாங்கள் எல்லோரும் சிங்காரப்பேட்டைப் பக்கம். முதலில் இவர் பிழைக்க ஓசூருக்கு வந்தார், பிறகு நான், பிறகு ராஜி. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் ராஜி இருந்தான்.

அந்தச் சாயங்காலம்

மதிய ஷிப்ட் போகக் கிளம்பிய என் வீட்டுக்காரர், சட்டை போட்டவர், பொத்தான் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தார். நெஞ்சு பிடிக்கிறது என்றார். கேஸாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் அப்படி நினைக்கவில்லை. நான் எதற்குமே அப்படி நினைப்பதில்லை. தும்மினால்கூட நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடுவேன் என்று கேலி செய்வார். அன்றைக்கு மட்டும் கேலி செய்ய அவருக்கு மூச்சு இல்லை.

ராஜி வேனை எடுத்துக்கொண்டு வந்தான். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊசி போட்டு, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, தாமதிக்காமல் பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வரக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ராஜி காத்திருக்கவில்லை.

பாகலூர் ரோடு பிரிகிற இடத்தில் வேன் நின்றது. ராஜி திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ஹைவேல போவட்டுமா, பாகலூர் மேல போவட்டுமா?"

நான் அவர் கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்? பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ராஜி நேராகப் போனான்.

எல்லைக்கு முன்னால் நின்றுவிட்டோம். தூரத்தில் எங்கேயோ ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே சாய்ந்துவிட்டது என்றார்கள். எங்களுக்கு முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, இரண்டு பக்கமும் லாரி. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள். ஹைவேயில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. ராஜி இறங்கி முன்னால் ஓடினான். லாரிக் கதவுகளைத் தட்டித் தட்டி, கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கெஞ்சினான். எங்கே ஒதுக்குவார்கள்? பக்கத்து லாரிக்காரர் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார். அதை நான் இவர் வாயில் ஊற்றினேன். அது உள்ளே போகவில்லை.

எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். எந்த ரோட்ல வந்தீங்க என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அது இயல்பாக அவர் பக்கம் திரும்பியது. இவரை எந்த ரோட்டில் கொண்டுபோனார்கள்? ஹைவேயா? அய்ய.

"பாகலூர் மேல வுட்டிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரில உக்காந்துக்கினு இட்லி துன்னுக்கினு இருப்பான்," என்றார் ஒரு சித்தப்பா.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கம் துக்கத்தைக்கூட ரோட்டில் வைத்துத்தான் பேசத் தெரியும். ராஜி தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் வேன் ஓட்டவில்லை. சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டான். காய்கறி மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனான். மண்டிக்கு நடந்தே போனான். என் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று, வாங்கிவந்ததைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். உள்ளே வாடா என்றால், "இல்லக்கா, பாகலூர் ரோட்ல போயிருந்தா..." என்று ஆரம்பிப்பான், முடிக்க மாட்டான். கண்ணுக்கு முன்னால் இளைத்துக்கொண்டே வந்தான். அவன் தங்கியிருந்த அறைக்கு ஒரு முறை போனேன். பாயை விரிக்காமல் வெறும் தரையில் படுக்கிறான் என்று கூட இருந்த பையன்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து போன் அடித்தால் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பேன்.

ஒருவரைக் கொடுத்தாயிற்று. இன்னொருவனும் என் கண் எதிரே போய்க்கொண்டிருந்தான்.

அவர் விட்டுப்போன ஊர்

இனி அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற சாதிக் பாய், இவருக்குச் சிநேகிதர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சரிசெய்து கொடுத்து, அதில் ஊர் கட்டுகிற விளையாட்டு ஒன்றையும் ஏற்றிக் கொடுத்திருந்தார். வெறும் நிலம் கொடுப்பார்கள். ரோடு போட வேண்டும். பச்சை பூசினால் வீடு வரும், நீலம் பூசினால் கடை, மஞ்சள் பூசினால் கம்பெனி. தண்ணீர், கரண்டு, குப்பை, பள்ளிக்கூடம் எல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஜனங்கள் தலைக்கு மேல் குறி காட்டி முறையிடுவார்கள், பிறகு வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் இவர் அதில்தான் இருப்பார். நம் ஊரையே கட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். ஹைவே, ஜூஜுவாடி, தொழிற்பேட்டை, பாகலூர் ரோடு, தொரப்பள்ளி, அதற்குப் பின்னால் ஆறு. ஒரு ரவுண்டானாவைப் போடுவார், பார்ப்பார், அழிப்பார், இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுவார். நான் பின்னால் நின்று, "நெருப்பு புடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பேன்.

"அதான் பயர் ஸ்டேஷன் இருக்குதே."

"அது அங்க இருக்குது. இந்தத் தெருவுல புடிச்சா?"

"உன்ன மேயராக்கினா ஊர்ல வீடே இருக்காது. வெறும் பயர் ஸ்டேஷன்தான் இருக்கும்."

அது உண்மை என்று பிறகு தெரிந்தது. அவர் போன பிறகு வீட்டுச் சொந்தக்காரம்மா நாகரத்தினம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழை அவர் வசதிக்குப் பேசுவார்.

"ஏன் மா, இந்தப் பொட்டி எதுக்கு சும்மா ஜாகா புடிச்சுக்கினு இருக்குது? யாருக்கானா குடுத்துடு. பாத்தா உனக்கு அழுகதானே வரும்?"

"பேடம்மா," என்றேன் அவர் பாஷையிலேயே. வேண்டாம், இருக்கட்டும்.

அன்றைக்குத்தான் அதை முதலில் திறந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து ஊர் ஓட ஆரம்பித்தது. ஓடின உடனே முறையீடு. ஒரு தெருவில் குப்பை எடுக்கவில்லை, இன்னொரு தெருவில் தண்ணீர் வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதில் வருகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் குழாய்ப் படம் போட்டுச் சிவப்பாக மின்னினால் தண்ணீர் இல்லை என்று யாருக்கும் புரியும். அப்படியே விட்டுவிட்டுப் படுக்க முடியவில்லை. ஒரு குழாய் போட்டேன். நின்றது. அன்றிலிருந்து நான் அந்த ஊரைப் பார்த்துக்கொண்டேன். அவர் சொன்ன மாதிரியே தெருவுக்கு ஒரு பயர் ஸ்டேஷன் வைத்தேன். சாதிக் பாய் வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ஊரா, தீயணைப்புப் படையா?" என்றார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தேன்.

கேஜ்

நான் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். வண்டிகளுக்குப் போகிற புஷ், நடுவில் ஓட்டை வைத்த சின்ன உலோக வளையம். வேலை ரொம்பச் சாதாரணம். கையில் அந்த ஓட்டையை அளக்கிற ஒரு கேஜ் இருக்கும். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படி இருந்தால் ஓகே, இல்லாவிட்டால் ரிஜெக்ட். யோசிக்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவளுக்கு அதைவிட நிம்மதி கிடையாது. உலகத்தில் வேறு எதற்கும் இப்படி ஒரு கேஜ் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் புஷ்ஷைப் போட்டு எடுக்கும்போது அது தோன்றியது. அவர் கட்டிய ஊரில் இரண்டு ரோடும் இருக்கிறது. ஆம்புலன்ஸும் இருக்கிறது. ஓடவிட்டுப் பார்த்தால் என்ன? ஹைவேயில் போனாலும் மாட்டும், பாகலூரில் போனாலும் மாட்டும். அதை ராஜி கண்ணால் பார்த்துவிட்டால் போதும். யார் சொன்னாலும் கேட்காதவன், ரோட்டைப் பார்த்தால் நம்புவான்.

இரண்டு ரோடும் மாட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கெட்டது நடக்கும் என்று நான் நினைத்தது நடக்காமல் போனதே இல்லை.

வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் உட்கார்ந்து ஊரைத் திருத்தினேன். மற்ற ஆஸ்பத்திரிகளை எடுத்துவிட்டு, பெங்களூர் முனையில் ஒன்றை மட்டும் வைத்தேன். இந்த விளையாட்டில் ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, வீட்டுக்கு வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஓசூரில் தனியாக ஒரு வீடு. அந்த வீட்டை முதலில் ஹைவேயோடு மட்டும் சேர்த்தேன். அடுத்து பாகலூர் ரோட்டோடு மட்டும் சேர்க்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வர வேண்டுமே? அதற்கு அந்த வீட்டுக்குச் சாக்கடைத் தண்ணீரைக் குழாயில் விட்டேன். வேண்டுமென்றே விட்டேன். பொம்மைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

முதலில் ஹைவே. ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றியது, திரும்பியது, எல்லைக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவில் நின்றது. நின்றே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆள் போய்விட்டார் என்கிற குறி வந்தது. பிறகு பிணத்தை எடுத்துப்போகிற கறுப்பு வண்டி வந்தது. நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்து பாகலூர் ரோடு. ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றியது. வளைவில் திரும்பியது. ஒரு டிராக்டருக்குப் பின்னால் கொஞ்சம் மெதுவாகப் போனது. தாண்டியது. மறுபடி ஒரு வளைவு. போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டது.

திரும்ப விட்டேன். போனது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அந்த இடத்திலிருந்தே மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் போனது.

மறுநாள் வேலை விட்டு சாதிக் பாய் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த போனைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் கீழே வைத்தார்.

"தங்கச்சி, அது பொம்ம ஊரு. அதுல மழ பேஞ்சாகூட ரோடு குழி ஆவாது. அதுக்கும் நம்ம ரோட்டுக்கும் என்னமா சம்பந்தம்?"

"ஹைவேல மாட்டுச்சே பாய். அது நெஜந்தானே?"

"அது... அது எப்பவும் மாட்டும்."

"அப்ப அது மட்டும் நெஜம், இது பொய்யா?"

அவர் மறுபடி போனைக் கையில் எடுத்தார். டீ சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கெடுத்துக் கட்டியது

எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் அதிகமாக வந்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்பார். "லேசா அமுக்கிப் பாரும்மா, போவும்," என்பார். அமுக்கினால் போகும்தான். அமுக்கினால் எதுவும் போகும்.

நான் அமுக்கினேன்.

பாகலூர் ரோட்டில் ஒரு சந்தை வைத்தேன். போதவில்லை. பள்ளிக்கூடம் வைத்தேன். சிக்னல் போட்டேன், தள்ளி இன்னொன்று போட்டேன். இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிக் கம்பெனி கொண்டுவந்தேன், அந்த லாரிகளை எல்லாம் அந்தச் சின்ன ரோட்டில் இறக்கினேன். அதுவரைக்கும் ஒரு தெருவில் குப்பை நின்றால் தூங்காதவள், ஒரு ரோடு எப்படியெல்லாம் அடைக்கும் என்று உட்கார்ந்து யோசித்தேன். இவர் எவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட ரோடு அது. நெரிசலைக் காட்டுகிற ரோட்டு நிறம், பச்சையாக இருந்தது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் சிவப்பானது. ஆம்புலன்ஸ் சந்தை முன்னால் நின்றது. அசையவில்லை.

அப்படியே பதிந்து வைத்தேன். ராஜிக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதால் வந்தான்.

வெள்ளை வண்டி

முதலில் ஹைவேயை ஓட்டிக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு பாகலூர். வண்டி சந்தை முன்னால் நின்றது. கறுப்பு வண்டி வந்தது.

"பாத்தியா ராஜி? எதுல போயிருந்தாலும் இதான். நீ எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் இதேதான்டா நடந்திருக்கும்."

அவன் முன்னால் சாய்ந்தான். திரையில் விரலை வைத்தான். ரொம்ப நேரம் அந்த ரோட்டையே மேலும் கீழும் தடவினான்.

"இங்க எதுக்குக்கா சிக்னலு?"

"இருக்குது இல்ல?"

"அங்க ஏது? நான் ஓட்னப்ப அங்க சிக்னலு கெடையாது. இது என்னா, சந்தையா?"

"அது... தானா வந்துதுடா. ஊரு பெருசாவ ஆவ அதுவா வரும்."

"வீடு தானா வரும். சந்த தானா வருமா?" அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "எடுக்கா அத."

"வேணாம்டா."

"எடுன்னு சொல்றேன் இல்ல."

"ராஜி, நீ எங்கிட்ட கேட்ட. ரோடு பிரியற எடத்துல நின்னு கேட்ட. நான்தான் வாயத் தொறக்கல."

"வண்டிய ஓட்னது யாரு?"

மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவனுக்கு அந்த விளையாட்டு தெரியும், மாமாவோடு உட்கார்ந்து விளையாடியவன்தான். சந்தையை எடுத்தான். சிக்னல்களை எடுத்தான். கம்பெனிகளை ஒவ்வொன்றாக அழித்தான். ஒரு வளைவை அழித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டான். "இது இப்பிடித் திரும்பாதுக்கா, இந்தப் பக்கமாத் திரும்பும்," என்றான், எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. அவன் அந்த ரோட்டில் எத்தனை காலம் ஆள் ஏற்றிக்கொண்டு போனவன்.

ஓடவிட்டான்.

வெள்ளை வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்தது. ஏற்றியது. முதல் வளைவு. அடுத்த வளைவு. ராஜியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், ஆக்சிலேட்டர் மேல் இருக்கிற மாதிரி. வண்டி ஆஸ்பத்திரிக்குள் போனது.

"போயிருச்சு," என்றான்.

நான் என்ன சொல்வேன்? பொம்மை ஊர், அதில் மழை பெய்தால் குழி ஆகாது என்று சொல்லலாம். அவன் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. சொல்கிற நிலையில் நானும் இல்லை.

மவுஸை என் பக்கம் தள்ளி, "இன்னொரு தாட்டி வுடுக்கா," என்றான்.

நான் பார்த்துக்கொள்கிற ரோடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலேயே வந்தான். அதற்கடுத்ததும். இப்போது எல்லா வாரமும் வருகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்கிறான், நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து. சாப்பிடுகிறான்கூட. சாப்பாட்டுக்கு முன்னால் ஓடவிடுவான், பின்னாலும் ஓடவிடுவான். வண்டியோடு கூடவே மெதுவாகப் பேசிக்கொண்டு வருவான்: இங்கே ஸ்பீடு பிரேக்கர், இங்கே ரோஜாத் தோட்டத்து வண்டி திரும்பும், பார்த்துப் போ. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

"மாமாவ சேத்தாச்சுக்கா," என்பான்.

நாகரத்தினம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "உன் தம்பி இப்ப வீட்டுக்குள்ள வர்றான் பாரு, எல்லாம் சரியாயிடும்," என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். ஆமாம்மா என்றேன்.

வேன் சாவியை அவன் தொடவில்லை. இன்னும் தரையில்தான் படுக்கிறான். முன்பு பாகலூர் ரோட்டில் போயிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவான். இப்போது நிறுத்துவதில்லை. போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று முழுதாகச் சொல்கிறான். கண்ணால் பார்த்தாயிற்றே. பார்க்க வைத்தவள் நான்.

விளையாட்டை அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று பல முறை நினைத்தேன். பிறகு அவன் வருவதற்கு வேறு எந்தக் காரணமும் இருக்காது. அந்த வெறுந்தரை கண்முன் வந்துவிடும்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அந்த ஊர் சும்மா இருப்பதில்லை. ஓடவிட ஓடவிட வளர்கிறது. வீடுகள் வருகின்றன, கார்கள் பெருகுகின்றன. பாகலூர் ரோட்டில் அங்கங்கே ஆரஞ்சு தட்ட ஆரம்பித்தது. அப்படியே விட்டால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் தானாகவே மாட்டும். சந்தை வேண்டாம், சிக்னல் வேண்டாம், நான் எதையும் தொட வேண்டாம். அப்போது, பார்த்தாயா ராஜி என்று நேர்மையாகச் சொல்லலாம்.

ஒரு வாரம் அப்படித்தான் விட்டேன். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து திறந்து பார்த்தால், வளைவுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ரோடு சிவந்துவிட்டது. நாளைக்கு மாட்டிவிடும். அந்த நாற்காலியில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருப்பதையும், வெள்ளை வண்டி நின்றுபோவதையும், அவன் எழுந்து லாரிக் கதவுகளைத் தட்ட வழியில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதையும் நினைத்தேன்.

உட்கார்ந்து ரோட்டை அகலப்படுத்தினேன். வளைவுக்கு வெளியே சுற்றுப்பாதை போட்டேன். கார்களை அந்தப் பக்கம் திருப்பினேன். பச்சை ஆகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் அதுதான் என் வேலை. என் தம்பியைக் குற்றவாளியாக நிறுத்துகிற அந்த ரோட்டை, எங்கேயும் அடைக்காமல், ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் உட்கார்ந்ததும் கவனித்துவிட்டான்.

"ரோடு நல்லா இருக்குதேக்கா."

"ம்," என்றேன்.